கீறலைப் பார்த்தே சொல்லிவிடுவார்

யார் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எப்டி ஆச்சு?" வாங்க, உக்காருங்க என்பதெல்லாம் கிடையாது. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்னிலிருந்து எழுந்து வருவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீறலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, வண்டிக்காரனைப் பார்க்காமலேயே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னவர்கள் பட்ட பாட்டை ஏழு வருஷம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தவள் நான். கடைசியில் நானும் பட்டேன்.

தண்டையார்பேட்டையில் நான் அப்போது வேலை பார்த்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஒரு குடோனின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அவர் இடம். போர்டு கிடையாது. கீறலுக்குப் பெயிண்ட் தொட்டு வைக்கிற 'டச்சப் பாய்' என்றால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். முழுக் கதவு, முழு பானெட் என்று யாராவது போனால், "அதுக்கு பெரிய பெரிய ஷெட்டு கீது, அங்க போங்க" என்று அனுப்பிவிடுவார். கீறல், உரசல், கல் தெறித்த புள்ளி, இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்கு எழுந்துவிடுவார். அதற்கு மேல் லாரிப் புழுதி கிளம்பிவிடும், ஈரப் பெயிண்ட்டில் வந்து உட்காரும். அதன் பிறகு மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. நான் அவருக்கு 'ஆபீஸ் தங்கச்சி'.

"இன்னா பாய், போலீஸ் மாதிரி விசாரிக்கறீங்க?" என்று டீக்கடையில் ஒரு நாள் கேட்டேன்.

"வவுத்து வலின்னு டாக்டர் கையில போய் கால் வலின்னு சொல்லுவியா?" என்றார். பிறகு விளக்கினார். சுவரில் உரசினால் மணல் உள்ளே உட்கார்ந்திருக்கும், நோண்டி எடுக்கணும். இரும்பில் உரசினால் துகள் தங்கிவிடும், மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் ஆறு மாசத்தில் துரு பொங்கி வரும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய்வருகிற வண்டிகளைப் பார், உடம்பெல்லாம் செம்புள்ளி. இன்னொரு வண்டி உரசியிருந்தால் பாதி நேரம் அது கீறலே இல்லை, அந்த வண்டியின் பெயிண்ட் இதில் ஒட்டிக்கொண்டிருக்கும், தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். "அதுக்கு போய் காசு வாங்குனா எனக்கு சோறு எறங்குமா?"

ஒருநாள் ஒரு சார் வந்தார். நிறுத்தி வைத்திருந்த வண்டியில் எவனோ ஆட்டோக்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று ஆட்டோக்காரர்களின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்டோ ஒரசினா மஞ்சள்ல கீறும் சார். இது ஊதா. உங்க அபார்ட்மென்ட் தூணு இன்னா கலரு?" என்றார். சார் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "ஊதாதான்" என்றார். டீக்கடையில் நாலு ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். அன்றைக்கு பாய்க்கு ஓசி டீ.

இப்படிச் சிரிக்கிற கதைதான் அதிகம். சிரிக்க முடியாதது ஒன்றும் பார்த்தேன்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆள் அவசர அவசரமாக வந்து வண்டியை நிறுத்தினார். இடது பக்கம் முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவு முடிகிற வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. "செவுத்துல ஒரசிடுச்சு பாய். சீக்கிரம் முடிங்க, டூட்டிக்குப் போவணும்."

பாய் இரண்டு கோட்டிலும் விரலை ஓட்டினார். "செவுரு இல்ல நைனா. சைக்கிளு. மேல இருக்கறது ஹேண்டில் பாரு, ரப்பர் புடி தேஞ்சிகீது. கீழ பெடலு. முன்கதவுல தொட்டு கடேசி வரிக்கும் ஓடிகீது பாரு. நீ நிக்கவே இல்ல."

அந்த ஆள் கழுத்து அட்டையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் செருகினார்.

"அவன் எழுந்தானா?"

"தெரியல பாய். பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினே இருந்தான்."

பாய் திறந்த டப்பாவை மூடிவிட்டார். "போய் பாத்துட்டு வா. வந்து சொல்லு. அப்பால கலரு கலக்கறேன்."

ஆள் கத்தினார். நீ பெயிண்டரா ஜட்ஜா என்றார், ஊரில் உன்னை விட்டால் ஆள் இல்லையா என்றார். பாய் டின்னில் உட்கார்ந்து நகத்தில் காய்ந்திருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனவர் போனவர்தான் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் அதே கோடுகளோடு திரும்பி வந்தார். சைக்கிள்காரர் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இட்லி மாவு போடுகிறவராம். தேடிக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாராம், முழங்கையில் கட்டுப் போட்டிருக்கிறார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாய் ஒன்றுதான் கேட்டார். "கை மடங்குதா?" மடங்குகிறது என்றதும் டப்பாவைத் திறந்தார்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்த அளவுக்கு பயமும் வந்தது. இந்த மனுஷனிடம் மட்டும் ஜென்மத்துக்கும் மாட்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. பெரம்பூரில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பாதாம்பால் நிறம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். தினமும் எட்டு மணி நேரம் அவ்வளவு பெரிய இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் அந்தக் காரைப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்ப்பார். பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால்கூட ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "நம்ம கைக்கு வந்து ஆறு வருசம், ஒரு கீறல் கீதா பாரு" என்று சொந்தக்காரர்கள் வந்தால் காட்டுவார். நான் முப்பத்தெட்டு வயதில் ஸ்கூலுக்குப் போய் டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கினேன். வாங்கி என்ன? சாவி அவர் சட்டைப் பையை விட்டு இறங்காது. கேட்டால், "நம்ம ரோட்டுல ஓடறது பூரா கண்டெய்னர் லாரி. கொஞ்ச நாள் போவட்டும்" என்பார். இரண்டு வருஷம் போனது.

அப்போதுதான் அவரைத் தூத்துக்குடிக்குப் பன்னிரண்டு நாள் வேலையாக அனுப்பினார்கள். போகும்போது சாவியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "டெய்லி ஸ்டார்ட் மட்டும் பண்ணு, பேட்டரி எறங்கிடும். கேட்டைத் தாண்டாதே."

முதல் நாள் ஸ்டார்ட் மட்டும் பண்ணினேன், சத்தியமாக. இரண்டாம் நாள் தெருமுனை வரை போனேன். மூன்றாம் நாள் காலடிப்பேட்டை மார்க்கெட் வரை போய்க் கீரைக்கட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் போனால் அந்தக் கீரைக்கட்டுக்கு அவ்வளவு சந்தோஷம் வராது. அப்புறம் என்ன, அலுவலகம், தங்கை வீடு, ஒரு சாயங்காலம் கடற்கரை ரோட்டோடு எர்ணாவூர் வரைக்கும். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி, நடுவில் நான். ஒரு லாரியும் என்னைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள், ரிவர்ஸ் எடுத்து உள்ளே விடும்போது, என் வீட்டு கேட் என்னைத் தொட்டது. கேட்டின் கொண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கிர்ரென்று பின்கதவில் இழுத்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். வலித்தது கீறலுக்காக இல்லை. இதைப் பார்த்தால் அவருக்கு அது போதும், இனி ஜென்மத்துக்கும் சாவி என் கைக்கு வராது. எர்ணாவூர், கீரைக்கட்டு, எல்லாம் அதோடு சரி.

பாயிடம் போகப் பயந்து நானே வைத்தியம் பார்த்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருந்த கலர் நம்பரை எழுதிக்கொண்டு போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே நம்பருக்கு ஒரு டச்சப் பாட்டில் வாங்கினேன். நெயில் பாலிஷ் போடத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசலில் வைத்து, ஒரே பூச்சாகத் தடிமனாகப் பூசினேன். பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அடப்பாவி! பழைய வேட்டியில் புது ஒட்டுப் போட்டது மாதிரி அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. போதாததற்கு எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்த சாம்பல் முழுக்க ஈரத்தில் ஒட்டி, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொர. கீறலாவது குனிந்து பார்த்தால்தான் தெரியும். என் வைத்தியம் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

காலையில் ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் பாய் முன்னால் நிறுத்தினேன். வண்டியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"எப்டி ஆச்சு?"

"மார்க்கெட்ல நிறுத்தியிருந்தேன் பாய். யாரோ..."

எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. பாய் தின்னரை நனைத்து என் பெயிண்ட்டைத் துடைத்து எடுத்தார். கீழே கீறல் தெரிந்தது, ஓரத்தில் பச்சைத் தீற்று.

"உங்க வூட்டு கேட்டு இன்னா கலரும்மா?"

"பச்சை," என்றேன். அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு நாள், சாவி, லைசென்ஸ், எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சிரித்துவிட்டு, கீறலின் மேல் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து வைத்து அளந்தார்.

"ரிவர்ஸ்ல வந்துகினு இருந்தே. பின்னாலேர்ந்து முன்னால ஓடிகீது. ஆனா பாரு, ஒரு ஜாண்தான். தொட்ட உடனே நின்னுட்ட. நல்ல காலும்மா உனக்கு."

அதுவரை யாரும் என் ஓட்டலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்கூல் மாஸ்டர்கூட "பரவால்ல" என்றுதான் சொன்னார். இடித்துவிட்டு வந்து நிற்கிறவளைப் பார்த்து நல்ல கால் என்கிறார் இவர். அந்த நிமிஷம் அவர் கேட்டிருந்தால் என் வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

மூன்று காலை வேலை. முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றி மெல்லிசு உப்புத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க கீறலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வேறு ஏதோ எட்டிப் பார்த்தது. "பட்டி. பள்ளத்தை ரொப்பறது," என்றார் பாய். "இந்த எடத்துல ஏற்கெனவே வேலை நடந்துகீது." சுற்றிலும் விரலால் தட்டிக்கொண்டே போனார். "இது ரெண்டு ஜாண் ஓடுது."

"பழசா பாய்?"

"பழசுதான்."

டாக்டரும் நம்மைப் போலத்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் நாள்தான் கலர். என் பாட்டிலைக் காட்டி, நம்பர் சரிதானே பாய், அப்புறம் ஏன் சேரவில்லை என்று கேட்டேன். "நம்பரு வண்டி பொறந்த அன்னிக்கு கலரும்மா. அப்பால எத்தினி வெயிலு, எத்தினி உப்புக் காத்து, எண்ணூர் சாம்பலு. இன்னிக்கு அது இன்னா கலரோ அத்தத்தான் கலக்கணும்." பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே முப்பது நாற்பது நெயில் பாலிஷ் பாட்டில்கள், எல்லாம் அவர் மகள்கள் தீர்த்துப் போட்டவை, ஒவ்வொன்றிலும் ஒரு கலர். என் பாட்டிலில் மஞ்சளில் ஒரு சொட்டு, கறுப்பில் குச்சி முனையால் தொட்டது. அதைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டில் தடவி, காய வைத்து, வெயிலில் கதவின் மேல் பிடித்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி ஒரு சொட்டு. காய்ந்தால் நிறம் ஒரு மாத்து கூடும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்பார். எட்டாவது துண்டில், யாருடைய விலா எலும்போ தெரியவில்லை, அதன் மேல் எங்கள் வண்டியின் இன்றைய நிறம் வந்து உட்கார்ந்தது. நூல் மாதிரி பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாம் நாள் நிறமில்லாத கிளியர் பூச்சு வைத்து, காய்ந்த பிறகு பாலிஷ் பசை போட்டுத் தேய்த்து, "இப்ப தேடு," என்றார். எனக்கு இடம் தெரிந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது கெஞ்சினேன். "பாய், வீட்டுக்காரர் என்னிக்காவது இந்தப் பக்கம் வந்து கேட்டா..."

"கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா என் வாயி தொறக்காது."

"சொல்லாதீங்க பாய், ப்ளீஸ்."

"கேட்டா சொல்லுவேம்மா," என்றார், அதே முகத்தோடு. சைக்கிள்காரரைத் தேட அனுப்பின முகம்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் வண்டியைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்திருந்தால் மாட்டியிருப்பேன், ஆனால் கீறலைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாத மனுஷன். பின்கதவைத் தாண்டிப் போனார். திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, எடுக்காம வெச்சா வண்டி எப்டி கீதுன்னு! இதெல்லாம் உனக்கு ஒத்துவராது. நீ பாட்டுக்கு பஸ்ல போ, வா, நிம்மதி." சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. கீறலோடு சேர்த்து என் எட்டு நாளையும் பாய் பூசி மறைத்துவிட்டார்போல இருந்தது. லாரிகளுக்கு நடுவே எர்ணாவூர் போனவள் யார்? நல்ல கால் யாருக்கு? அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"எடுத்தேன்," என்றேன்.

"இன்னா எடுத்த?"

"வண்டியை. எட்டு நாள் ஓட்டினேன். ஆபீஸ் போனேன், தங்கச்சி வூட்டுக்குப் போனேன், எர்ணாவூர் வரிக்கும் போனேன். ஒரு நாள் இடிச்சேன். பின்கதவுல."

அவர் பின்கதவுக்கு ஓடினார். குனிந்தார், தேடினார், கதவோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "எங்க?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றுவிட்டது.

"இங்கயா? அந்தக் கொண்டிதானே?"

"யோவ்," என்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கொண்டின்னு நான் சொல்லவே இல்லியே!"

கேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். கிரேன் மெக்கானிக்கின் காது சிவந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாலு வருசம் ஆவுது," என்றார் மெதுவாக. "ஒரு ஞாயித்துக்கிழமையா பாத்து உங்க ஆபீஸ் எதுர்ல அந்த பாய் கையில போனேன். உனக்கு லீவாச்சே. எதிர் ஆபீஸ்ல கீற என் சம்சாரத்துக்கு சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன்."

"எப்டி ஆச்சுன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. மாடு முட்டிடுச்சின்னேன்."

"பச்சை பெயிண்டு ஒட்டியிருக்குமே?"

"பொங்கலு முடிஞ்ச டைமு. கொம்புல பச்சை அடிச்சிருந்தாங்கன்னேன்."

"அதுக்கு?"

"மாட்டை இட்டுகினு வா, கொம்பை பாக்கணும்னுட்டாரு."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நாலு வருஷம்! நானும் பாயும் எதிரெதிரே உட்கார்ந்து தினமும் ஒரே டீக்கடையில் டீ குடித்திருக்கிறோம். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லையே. பழசா என்றுதானே நான் கேட்டேன், யார் என்று கேட்கவில்லையே. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்.

வீட்டுக்காரரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம், விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "சரி வுடு, நீயும் இடிச்சே, நானும் இடிச்சேன்" என்றார்.

"அது எப்படி?" என்று எழுந்தேன். "என்னுது ஒரு ஜாண். தொட்ட உடனே நின்னுட்டேன். உன்னுது ரெண்டு ஜாண், கீழ இருந்த பட்டியை நான் கண்ணால பாத்தேன். எனக்கு நல்ல காலுன்னாரு பாய். உனக்கு இன்னான்னாரு?"

பாய் என்ன சொன்னாரோ, அதை இன்று வரை அவர் எனக்குச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். போய் கேட்டை அகலத் திறந்தார். கொண்டியை உள்பக்கமாக மடக்கினார். திரும்பி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.